இதில் முன்னாடி என்ன இருந்தது, அண்ணாச்சி?

வீட்டுத் தோட்டத்தில் ஒரு பார்பிக்யூ ஸ்மோக்கர் செய்து வைக்க வேண்டும், அதற்கு ஓர் இரும்புப் பேரல் மலிவாக எங்கே கிடைக்கும் என்று ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கேட்பவர்கள் உண்டு. கிடைப்பது பிரச்சினையே இல்லை. மில்லும் பட்டறையுமாக இருக்கிற பகுதி. பழைய இரும்புக் கடை ஓரத்தில் நாலு பேரல் உருண்டு கிடக்கும். விலையும் பெரிய ரகசியம் இல்லை. விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதை நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

“இதில் முன்னாடி என்ன இருந்தது, அண்ணாச்சி?” கடைக்காரரிடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். பேரலின் மூலத்தை மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார்? கரியடுப்பின் மேல் கம்பித் தட்டைப் போட்டுக் கோழி சுடுவது வேறு, ஸ்மோக்கர் வேறு. சுடும்போது அனல் நேராகக் கறியில் படும், மேலே திறந்தவெளி, கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஸ்மோக்கரில் பேரலின் அடியில் கரி, அதன்மேல் ஒன்றிரண்டு விறகுத் துண்டு, அதற்கு இரண்டடி உயரத்தில் கம்பித் தட்டு, தட்டில் கறி, மேலே மூடி. உள்ளே 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரைதான் சூடு. அந்த இளஞ்சூட்டில் கோழிக்கே இரண்டு மணி நேரம் ஆகலாம், ஆட்டுத் தொடைக்கு இன்னும் பல மணி நேரம். அவ்வளவு நேரமும் மூடிய இரும்புக்குள் சுற்றுகிற காற்றும் புகையும் உள்சுவரைத் தடவிக்கொண்டுதான் கறிக்கு வருகின்றன. சுவரில் ஒட்டியிருப்பது எதுவோ, அது கறியிலும் கொஞ்சம் இறங்கும்.

பேரல் என்று நாம் சொல்வது ஏறக்குறைய 200 லிட்டர் கொள்கிற இரும்பு டிரம். உள்விட்டம் 57 சென்டிமீட்டர், உயரம் 88 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அல்லது 1.2 மில்லிமீட்டர். காலிப் பேரல் 17 முதல் 22 கிலோ வரை எடை வரும். இந்த வடிவத்துக்கு ஒரு சுவாரசியமான வரலாறு உண்டு. 72 நாளில் உலகைச் சுற்றிவந்து புகழ்பெற்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் நெல்லி பிளை, கணவர் இறந்தபிறகு அவருடைய அயர்ன் கிளாட் என்ற இரும்புச் சாமான் கம்பெனியை நடத்தினார். அங்கே வேலை பார்த்த ஹென்றி வேர்ஹான் 1905-ல் வாங்கிய காப்புரிமைகளிலிருந்துதான் இன்றைய இரும்புப் பேரல் வளர்ந்தது. பிறகு எண்ணெய்க் கம்பெனிகளும் உலகப் போரும் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. டிரினிடாட்காரர்கள் அதன் அடித்தட்டைக் குழித்துத் தட்டி ஸ்டீல்பேன் என்ற வாத்தியம் ஆக்கினார்கள். ஜமைக்காக்காரர்கள் நெடுக்காகப் பிளந்து ஜெர்க் கோழி சுட்டார்கள்.

நம் பகுதிக்கு வருவோம். இங்கே பழைய இரும்புக் கடைக்கு வந்து சேரும் பேரல்கள் எங்கிருந்து வருகின்றன என்று யோசித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ராஜபாளையம் நூற்பாலைகளிலிருந்து வருபவை பெரும்பாலும் ஸ்பிண்டில் ஆயில், கியர் ஆயில் பேரல்கள். பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர்; துணி வெளுக்கிற ரசாயனங்கள் அதிகமும் பிளாஸ்டிக் கேனில் வருவதால் அவை நம் கணக்கிலேயே சேராது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி கூப்பிடு தூரம். அங்குள்ள அச்சகங்களுக்கு மை கழுவும் கரைப்பான், வார்னிஷ், லேமினேஷன் பசை எல்லாம் இரும்பு டிரம்மில் வரும். பட்டாசு ஆலைக்கு வரும் அலுமினியத் தூளுக்கும் இரும்பு டிரம்தான். ரோடு போடுகிற இடத்தில் மிஞ்சுவது தார் டிரம். மெக்கானிக் ஷெட்டில் இருப்பது இன்ஜின் ஆயில் பேரல்.

இவற்றில் பட்டாசு மருந்து, பூச்சி மருந்து, கரைப்பான், பெயின்ட், பசை இருந்த டிரம்களை இலவசமாகக் கொடுத்தாலும் தொட வேண்டாம். தார் டிரம்மும் வேண்டாம். தகடு மெல்லிசு, தாரைச் சுத்தமாக எடுக்கவும் முடியாது, சூடேறிய தாரின் புகையும் நல்லதில்லை. தார் டிரம்மை வெட்டித் தட்டிக் கூரைக்கும் வேலிக்கும் வைப்பது நம் ஊர்ப் பழக்கம். அது அங்கேயே இருக்கட்டும்.

“கொளுத்திவிட்டால் எல்லாம் போய்விடும் சார்” என்று ஒரு யோசனை எப்போதும் வரும். இதில் பாதிதான் உண்மை. எண்ணெய், கொழுப்பு, பசை போன்றவை கரிமப் பொருட்கள். போதிய தீயில் எரிந்து போகும். ஈயம், காட்மியம், பேரியம் எல்லாம் உலோகம். அவற்றைத் தீ எரித்து இல்லாமல் ஆக்காது, சாம்பலாகவோ தூளாகவோ அங்கேயே விட்டுவைக்கும். பழைய பெயின்டிலும் சில ரசாயனங்களிலும் இவை இருக்கும். அதனால்தான் எரித்துச் சரிசெய்வது என்பது என்ன இருந்தது என்று தெரிந்த பேரலுக்கு மட்டும் பொருந்தும்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, அபாயகரமான ரசாயனம் பட்ட காலிப் பேரலே ஒரு கழிவு. ஆலைகள் அதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். அப்படியிருந்தும் ஒன்றிரண்டு தெருவோரக் கடைக்கு வந்துவிடுகிறது என்றால், விசாரிக்கும் பொறுப்பு வாங்குகிற நம் தலையில்தான்.

எதை வாங்கலாம்? முதல் தரம், மாம்பழக்கூழ் வந்த டிரம். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகள் கிளிமூக்கு மாம்பழத்தைக் கூழாக்கி, கிருமி நீக்கிய பையில் அடைத்து, அந்தப் பையை இரும்பு டிரம்முக்குள் வைத்து அனுப்புகின்றன. ஒரு டிரம்மில் 200 கிலோவுக்கு மேல் கூழ் இருக்கும். ஜூஸ் கம்பெனிகள் பையை எடுத்துக்கொண்டு டிரம்மைக் கழித்துவிடும். இதில் இரண்டு லாபம். கூழ் பைக்குள் இருந்ததால் இரும்பில் பட்டதே இல்லை. பையை வைத்து எடுக்க வேண்டும் என்பதால் டிரம்மின் தலையும் முழுதாகத் திறந்து மூடுகிற வகை. அடுத்த தரம், சமையல் எண்ணெய் வந்த பேரல். விருதுநகர் எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். அங்கே விசாரிப்பது வீண்போகாது. தேன், திரவ குளுக்கோஸ் வந்த டிரம்மும் சரிதான். மதுரையில் பழைய டிரம்மையே தொழிலாக வைத்திருப்பவர்களிடம் “சாப்பாட்டுச் சாமான் வந்த ஓபன் டாப் டிரம்” என்று குறிப்பாகக் கேளுங்கள்.

மூன்றாவது தரம், மில்லில் புது ஆயில் வந்த பேரல். இதை நன்றாக எரித்துக் கழுவினால் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு பேரலுக்கு ஒரு ஜென்மம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. புது ஆயில் தீர்ந்தபின் அதிலேயே கழிவு ஆயிலைப் பிடித்து வைப்பது மெக்கானிக் ஷெட் வழக்கம். ஓடித் தேய்ந்த இன்ஜினின் உலோகத் துகளெல்லாம் கழிவு ஆயிலில் இருக்கும். அதனால் ஷெட்டிலிருந்து வந்த பேரலை விட்டுவிட்டு, மில்லில் காலியாகி நேராக வந்ததை எடுங்கள்.

வாயால் சொல்வதை நம்புவது ஒரு பக்கம், கண்ணால் பார்ப்பது இன்னொரு பக்கம். பேரலை வெளிச்சத்துக்கு உருட்டிவரச் சொல்லுங்கள். முதலில் லேபிளைப் பாருங்கள். சாய்சதுரக் கட்டத்துக்குள் தீச்சுவாலை, மண்டையோடு, செத்த மீன் படம் இருந்தால் பேச்சே வேண்டாம். லேபிளைச் சுரண்டி எடுத்து மேலே புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் வேண்டாம். மறைக்க வேண்டிய ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. அடித்தட்டிலோ பக்கத்திலோ யு.என். முத்திரை குத்தியிருக்கலாம். அதில் 1ஏ1 என்றிருந்தால் தலை மூடிய வகை, மேலே இரண்டு திருகு மூடி மட்டும் இருக்கும். 1ஏ2 என்றால் தலை கழற்றக்கூடிய வகை, சுற்றிலும் ஓர் இரும்பு வளையம் பூட்டியிருக்கும். முத்திரை இருப்பதாலேயே உள்ளே விஷம் இருந்தது என்று அர்த்தமில்லை; அபாயகரமான சரக்கையும் தாங்கும்படி செய்த டிரம் என்றுதான் அர்த்தம்.

அடுத்தது உள்சுவர். டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வெறும் இரும்பாகச் சாம்பல் நிறத்தில் இருக்கிறதா, அல்லது பொன்னிறத்தில், செம்பழுப்பில் வார்னிஷ் அடித்ததுபோல் மினுக்குகிறதா? மினுக்கினால் அது எப்பாக்ஸி வகைப் பூச்சு. சந்தேகம் இருந்தால் ஆணியால் ஒரு கீறு கீறுங்கள். கீறின இடத்தில் நேராக இரும்பு பளிச்சென்று தெரிந்தால் பூச்சில்லாத டிரம். செதில் செதிலாகப் பெயர்ந்தால் பூச்சு உண்டு. உணவு டிரம்மிலும் இந்தப் பூச்சு இருக்கலாம். தேனுக்கும் குளுக்கோஸுக்கும் அது நல்லதுதான். கரித்தீ பட்டால் அதுவே கெடுதல். பூச்சில்லாதது கிடைத்தால் பெரிய வேலை மிச்சம்.

விலைக்கு ஒரு சின்னக் கணக்கு. பேரலின் எடையை அன்றைய பழைய இரும்பு விலையால் பெருக்குங்கள். கிலோ 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 18 கிலோ பேரலின் இரும்பு மதிப்பு 630 ரூபாய். அதற்குமேல் கேட்பது பேரல் ஓட்டை இல்லாமல், நசுங்காமல் இருப்பதற்கான விலை. நல்ல மூடியும் பூட்டு வளையமும் சேர்ந்து வந்தால் கொஞ்சம் கூடக் கொடுப்பது நியாயம். மூடியைத் தனியாகச் செய்யப் போனால் செலவு அதிகம்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். தலை மூடிய பேரலை வாங்கி, நேராக வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய் “மேலே வட்டமாக வெட்டிக் கொடுங்கள்” என்பார்கள். காலிப் பேரல்தானே என்ற நினைப்பு. உண்மையில் நிறைந்த பேரலைவிடக் காலிப் பேரல்தான் ஆபத்து. நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. காலியானதில் அடியில் ஒரு கரண்டி மிச்சம் இருந்தாலும் அது ஆவியாகிக் காற்றோடு கலந்து நிற்கும். அச்சக வேலைகளில் புழங்கும் டொலுயீன் 4 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவியை விடும். எத்தில் அசிடேட் பூஜ்யத்துக்கும் கீழே 4 டிகிரியில். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. திருகு மூடியைத் திறந்து வைத்ததால் மட்டும் வெளியே போய்விடாது. அதில் கேஸ் கட்டிங் சுடரோ கிரைண்டர் பொறியோ பட்டால் பேரல் வெடிகுண்டுதான்.

“இது ஆயில் பேரல், பெட்ரோல் இல்லையே” என்றும் சொல்வார்கள். கெட்டியான ஆயில் சும்மா இருக்கும்போது தீப்பற்றாது என்பது சரி. ஆனால் வெட்டும் சுடர் 3,000 டிகிரியை ஒட்டியது. அது படும் இடத்தில் சுவரில் ஒட்டிய மெல்லிய எண்ணெய்ப் படலம் நொடியில் ஆவியாகும். பிறகு பெட்ரோலுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. எனவே தலை மூடிய எண்ணெய்ப் பேரலை வாங்கினால், இரண்டு திருகு மூடியையும் கழற்றி, கொதிநீரும் சலவைச் சோடாவும் விட்டு உருட்டிக் கழுவி, கவிழ்த்துக் காயவையுங்கள். பிறகு வெட்டப்போகும் கோட்டுக்கு ஓர் அங்குலம் கீழே வரை தண்ணீர் நிரப்பி, நெருப்பும் பொறியும் இல்லாமல் உளியும் சுத்தியலும் கொண்டு வெட்டச் சொல்லுங்கள். வெட்டு விளிம்பு கத்தியாக இருக்கும். அரத்தால் தேய்த்து மழுக்க வேண்டும். இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்றால் திறக்கும் தலை உள்ள டிரம்மே புத்திசாலித்தனம்.

அடுத்து எரிப்பு. அடிப்பக்கம் சுற்றிலும் முக்கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் வரை விட்டமுள்ள மூன்று நான்கு காற்றுத் துளை போட்டபிறகுதான் இதைச் செய்ய வேண்டும்; துளை இல்லாமல் தீ நின்று எரியாது. ஆள் நடமாட்டமில்லாத வெட்டவெளியில், காய்ந்த விறகை வாய்வரை அடுக்கிக் கொளுத்துங்கள். நல்ல விறகுத் தீ 500 டிகிரியைத் தாண்டும். ஸ்மோக்கருக்குள் சுற்றும் காற்றின் சூட்டைவிட இது மூன்று நான்கு மடங்கு என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். தீ சரியாகப் பட்ட இடத்தில், 135 டிகிரியில் கிளம்பக்கூடியது எதுவும் இதற்குமேல் மிஞ்சாது. வெளிப் பெயின்டும் உள்பூச்சும் எரியும் புகை மோசமானது, காற்று வரும் பக்கம் நின்றுகொள்ளுங்கள், மாஸ்க் போடுங்கள். மேல் விளிம்பும் அடி மூலையும் சூடு போதாமல் தப்பிவிடும், அங்கேதான் பூச்சு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆறியபின் கம்பி பிரஷ் போட்டு இரும்பு தெரியும்வரை தேய்த்து, பூச்சு இன்னும் இருந்தால் மறுபடி எரிக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, உடனே துடைத்துக் காயவைத்து, உள்ளே சமையல் எண்ணெய் தடவி, வெறும் கரித்தீயில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் புதுத் தோசைக்கல்லைப் பழக்குவது போல ஒரு கருத்த படலம் பிடிக்கும். துருவைத் தடுப்பது அதுதான். வெளியே வேண்டுமானால் சைலன்சருக்கு அடிக்கிற சூடு தாங்கும் பெயின்ட் அடிக்கலாம். உள்ளே எதுவும் அடிக்கக் கூடாது.

பேரலுக்குப் பதிலாக வீட்டிலும் கடையிலும் கண்ணில் படுகிற சில பாத்திரங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாத்திரக் கடையில் அடுக்கியிருக்கும் அரிசி டிரம் பளபளவென்று புதிதாக, மூடியோடு இருக்கும். அது ஜி.ஐ. தகடு, மேலே துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். கரி கிடக்கும் இடம் அதைச் சுலபமாகத் தாண்டும். வெகுவாகச் சூடேறினால் கிளம்பும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும் என்பது வெல்டிங் செய்பவர்கள் அறிந்ததே. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்குப் பால் கொண்டுவரும் 40 லிட்டர் கேன் சுத்தமானதுதான். ஆனால் பழைய கேன்கள் அலுமினியம், காற்று நன்றாகப் பிடித்த கரியின் சூடு அதன் அடியை இளக்கிவிடும். 15 கிலோ எண்ணெய் டின்னில் ஒரு மீனோ அரைக் கோழியோ வைத்துப் பரிசோதித்துப் பார்க்கலாம் என்றால், தகரப் பூச்சு 232 டிகிரியில் உருகும்; கரியை டின்னின் அடியில் படாமல் தனித் தட்டில் வையுங்கள். கேஸ் சிலிண்டரை வெட்டுகிற யோசனை யாருக்காவது வந்தால் உடனே கைவிடட்டும். அது எண்ணெய்க் கம்பெனியின் சொத்து, வெட்டுவது உயிருக்கும் ஆபத்து.

பேரலை இவ்வளவு பார்த்து வாங்கிவிட்டு, கறி நேராக உட்காரும் கம்பித் தட்டைக் கோட்டை விடுகிறவர்கள் நிறையப் பேர். கோழிக்கூண்டு வலை, ஜி.ஐ. வெல்ட் மெஷ், பழைய ஃபிரிட்ஜ் தட்டு மூன்றும் கூடாது. முதல் இரண்டில் துத்தநாகம், மூன்றாவதில் என்ன முலாம் என்று யாருக்கும் தெரியாது. பழைய தட்டுகளில் காட்மியமும் உண்டு. எஸ்.எஸ். 304 கம்பியில் ஒரு வட்டத் தட்டு வெல்டு செய்து வாங்குங்கள். போல்ட்டு, நட்டும் எஸ்.எஸ். ஆகவே இருக்கட்டும். கரி போடும் கூடைக்கு மட்டும் பழைய இரும்புக் கடையை நம்பலாம். பழைய வாஷிங் மெஷினின் துளை போட்ட எஸ்.எஸ். தொட்டி கிடைத்தால், உயரத்தைக் குறைத்து உள்ளே இறக்கிவிடலாம்.

விறகுக்கு அலைய வேண்டாம். மலையடிவார மாந்தோப்புகளில் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் காய்த்து முடிந்தபின் கழிக்கிற கிளைகளை ஆறு மாதம் காயவைத்தால் நல்ல புகை தரும். கொய்யாவும் புளியும் சரி. கரிக்குச் சீமைக் கருவேலம் இருக்கவே இருக்கிறது. டெக்சாஸ்காரர்கள் பார்பிக்யூவுக்குத் தேடி வாங்கும் மெஸ்கீட் அதன் நெருங்கிய உறவு. அரளிக் குச்சி விஷம். பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை வேண்டவே வேண்டாம். செண்பகத்தோப்புப் பக்கம் விறகு பொறுக்கப் போகாதீர்கள், அது புலிகள் காப்பகம்.

இதெல்லாம் கேட்டபிறகு, மூலம் தெரிந்த பேரல் கிடைக்கவில்லை, என்ன செய்வது என்றால் ஒரு வழி இருக்கிறது. புதுத் தகட்டில் செய்துகொள்வது. எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்று போதும். 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர், பூச்சில்லாத சி.ஆர். ஷீட். அதில் ஆறடி நீளத்தை வெட்டி ரோலிங் மெஷினில் உருட்டினால் 58 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை, ஏறக்குறைய பேரலின் அளவே. மிச்சம் இரண்டுக்கு நாலு அடித் துண்டு. அதில் இரண்டு வட்டம், ஒன்று அடித்தட்டு, ஒன்று மூடி. நாலடி அகலம் உயரத்துக்குக் கூடுதல். மூன்றடிக்குக் குறைத்தால் விழும் ஓரடிப் பட்டையில் மூடியின் விளிம்பும் கைப்பிடியும் முடிந்துவிடும். தகடு அதிகம் வீணாவதில்லை.

முழு ஷீட்டின் எடை 28 கிலோ. கிலோ 75 ரூபாய் என்று வைத்தால் 2,100 ரூபாய். அதற்குமேல் ரோலிங் கூலி, வெல்டிங் கூலி. பழைய பேரலின் 630 ரூபாயோடு பார்த்தால் அதிகமாகத்தான் தெரியும். ஆனால் பழையதன் கணக்கில் ஆட்டோ வாடகை, தலை வெட்டும் கூலி, எரிக்க ஒரு வண்டி விறகு, பிரஷ், மூடி செய்யும் செலவு, ஓரிரு நாள் உழைப்பு எல்லாம் சேர வேண்டும். அதற்குப் பிறகும் உள்சுவரைப் பற்றிய சந்தேகம் போகாமல் இருந்தால், அந்தப் பேரல் மலிவே இல்லை. மாம்பழக்கூழ் டிரம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். கடைக்காரர் “என்னமோ கெமிக்கல்னு சொன்னாங்க” என்று இழுத்தால், அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஷீட் கடைக்கு நடையைக் கட்டுங்கள்.